என்ட ரேகையை அழிங்க

வாவிக்கரை நண்டுக் கம்பனியில், அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஒரு காலையில் மனேஜர் வாசலில் வரவு பதிய விரல் வைக்கிற மெசின் ஒன்றைப் பொருத்தி, எங்களை வரிசையில் நிற்கச் சொன்னார். நண்டு ஓடு கீறிக் கீறி என் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மெசின் ஏற்கவில்லை.

"அப்ப முகத்தப் பதிவம்" என்றார்.

"சேர், வேலைய விட்டுப் போகக்குள்ள கம்பனி தந்த கத்தியத் திருப்பித் தருவன். நீங்க என்ட முகத்தத் திருப்பித் தருவீங்களா?"

"அது கொழும்பு ஒஃபிசுக்குப் போயிரும். அங்க யாரு பாக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியா."

"தெரியாட்டி நான் தரமாட்டன். கையெழுத்துப் போடுறன்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அதற்குள், எனக்கு முன்னால் விரல் வைத்துவிட்டு உள்ளே போன சாந்தி திரும்பி வந்தாள். அவள் பெட்டி கட்டுகிறவள்.

"சேர், என்ட ரேகையையும் அழிங்க."

எப்படி அழிப்பதென்று மனேஜருக்குத் தெரியவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தார். அது அழியும்வரை சாந்தி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்த மற்றவர்களும் விரல் வைக்க மறுக்க, அன்று எல்லாரும் கையெழுத்துத்தான் போட்டோம்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போதும் தெரியும். கொடுத்த பிறகும் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதைச் சாந்தியிடம்தான் கண்டேன்.