கைதட்டினால் எரியும் விளக்கு

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவளுடைய இரண்டு கை விரல்களும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை பார்த்தவள். உயிரோடு வந்ததே பெரிது என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னவர்களில் ஒருவரும் விளக்குச் சுவிட்சை முழங்கையால் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எலெக்ட்ரீசியன். வீட்டுக்கு வந்தாலும் ஈயம் பற்றவைக்கிற கோலும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கிற மோட்டார், இருட்டினால் தானாக எரிகிற வாசல் விளக்கு என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். செல்போன் எங்கள் ஊருக்கு வந்த புதிதில், அச்சகத்திலிருந்து மிஸ்டு கால் கொடுத்து வீட்டு மோட்டாரை ஓடவிட்டேன். தெருவில் எனக்குக் கிறுக்கன் என்று பெயர். அந்தக் கிறுக்கு உபயோகப்படுகிற காலம் வந்துவிட்டது என்று நினைத்து, அக்காவுக்கு முதன்முதலில் செய்துகொண்டு போனது கைதட்டினால் எரிகிற விளக்கு.

மாட்டி முடித்துவிட்டு, "தட்டுக்கா" என்றேன்.

அவள் கட்டுப்போட்ட கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதைலே தட்டச் சொல்லுதே?"

நான் விளக்கைக் கழற்றக் கையை நீட்டினேன். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, தரையில் கிடந்த எவர்சில்வர் சொம்பைக் கால் கட்டைவிரலால் ஒரு உதை உதைத்தாள். விளக்கு எரிந்தது.

அதன்பிறகு எல்லாவற்றையும் காலுக்கு இறக்கினேன். மின்விசிறிக்குத் தரையோரம் ஒரு மிதி. பழைய வாஷிங் மெஷின் வால்வைக் கழற்றி, மிதித்தால் தண்ணீர் விழுகிற குழாய். ஒவ்வொன்றை மாட்டும்போதும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பாள்: "உள்ள பொறி வருமாலே?" பட்டாசுக்காரிக்கு அந்தப் பயம் போகாது. மூடிய டப்பாவைத் திறந்து காட்டினால்தான் சமாதானமாவாள். ஒருநாள், "தண்ணிக்கு இன்னொருத்திய கூப்பிடாம இன்னைக்குப் பொளுது போச்சுலே" என்றாள். நான் செய்த எதற்கும் அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விட்ட வேலைக்கு, அதே கம்பெனிக்கு, மகள் போனாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை கேட்கிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சீசன் முடியட்டும் மாமா என்றாள். வேலை விட்டு வந்தால் அவளும் விளையாட்டுக்கு எல்லாவற்றையும் காலாலேயே போடுவாள். அக்காவுக்கு அது ஆகாது. "கை நல்லா இருக்கவ கால நீட்டாத ஏட்டி" என்று ஏசுவாள்.

விளக்கில் ஒரு கோளாறு இருந்தது. கம்பெனிகளில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தத்துக்கெல்லாம் பட்டப்பகலில் எரிந்தது. எரியும்போதெல்லாம் மகளை நினைத்து அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். ஆகவே சொம்பை அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டினால்தான் எரியும்படி மாற்றினேன். ஒற்றை வெடிச் சத்தத்துக்கு அது அசையவில்லை. "இப்பத்தாம்லே நிம்மதி" என்றாள். எனக்கும் பெருமைதான்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு காலைப்பொழுதில், குழாய் வால்வில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம். விளக்கு எரியவில்லை. உடனே இன்னொன்று. எரிந்தது. மேலும் இரண்டு, அணைந்தது. மறுபடி எரிந்தது.

அக்கா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெடி போட்டுப் பாக்கல. ரூம் ரூமா வெடிச்சுப் போகுதுலே" என்றாள். செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வெம்பக்கோட்டைப் பக்கம் வெள்ளையாகப் புகை எழுந்திருந்தது.

மகள் உயிரோடு கிடைத்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாள். உயிரோடு வந்ததே பெரிது என்று சொல்ல வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சாயங்காலம், உள்ளே இருட்டாக இருந்தது. எதை எப்படிப் போடுவது என்று அவளுக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டுப்போட்ட கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காலை நீட்டிச் சொம்பை இரண்டு தட்டு தட்டினாள். விளக்கு எரிந்தது.

அக்கா இந்தமுறை ஏசவில்லை.