வாசல்வரை வந்த தடம்

டோர்ட்மண்டில் அந்த மாசி மாதம் கொட்டிய பனி யோகத்தின் இடுப்புக்கு வந்தது. இது அவளே ஊரெல்லாம் சொன்ன கணக்கு. “இடுப்புக்கோ?” என்று யாராவது வாயைப் பிளந்தால், “சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறன். நான் அப்ப நிலத்திலை இருந்துகொண்டிருந்தனான்” என்று ஒத்துக்கொள்வாள். பனிக்குள் எதற்குப் போய் இருந்தாள் என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

யோகம் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரி. எண்பத்தாறில் ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் கிழங்கு உரித்தே ஓய்வூதியம் வாங்கியவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தாள். இரண்டு இடத்திலும் கதை அளந்தாள். படத்திலும் அளப்பாள். வந்த முதல் குளிர்காலத்தில் கூறைச்சேலையைக் கட்டி, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, யாரோ ஒரு ஜெர்மன்காரனின் காருக்குப் பக்கத்தில் பனியில் நின்று சிரித்தபடி படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பிள்ளை குளிரில் நடுங்குகிறாள் என்று தாய் நினைக்கக் கூடாதல்லவா? அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான். அந்த ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று பாதி யாழ்ப்பாணமே படம் எடுத்தது. யோகத்துக்கு ஒரு கிழமை காய்ச்சல். ஊரிலிருந்து பதில் வந்தது: “குளிரே இல்லைப் போல கிடக்கு. எப்ப வாறாய்?”

அந்த “எப்ப வாறாய்” பிறகு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் வந்தது. நாளடைவில் மணி அடித்தாலே, குளிக்கிறாள் என்று சொல்லச் சொல்லி, புருசன் தம்பித்துரையின் கையில் போனைத் திணித்துவிடுவாள். அம்மா செத்தபோதும் போக முடியவில்லை. என் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்கமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தவள்தான்.

அந்தப் பிள்ளை, நிருஷா, மெல்பேர்னில் இருந்தாள். ஒரே மகள். கொரோனா வந்து எல்லைகளைப் பூட்டியதில் முகத்தைத் திரையில் மட்டும் பார்க்கிற காலம். வேலைத்தலத்தில் இன்னும் மூன்று வருடம் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள், யோசிக்கிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தாள். போனை வைக்கப்போகும்போது, “பனி கொட்டினா எங்கட வீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ அம்மா. இஞ்சை வெயில் கொளுத்துது” என்றாள்.

யோகம் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்கக் கூடாது, சரி. பனி கேட்கட்டும்.

பனியும் கேட்டது போலக் கொட்டியது. இரவு முழுக்கக் கொட்டி, விடிய முன்கதவைத் திறந்தால் தெருக் கேற் வரைக்கும் ஒரே வெள்ளை. பூனைக்கால் தடம்கூட இல்லை. ஆனால் தம்பித்துரை தொப்பி போட்டு, பனி வழிக்கிற சவளோடு வந்து நின்றார். சட்டத்தை ஜெர்மன்காரனைவிட ஒரு முழம் கூடுதலாகப் பிடிக்கிற மனிதர் அவர்.

“இஞ்சேருங்கோ, கேற்றுக்கு உள்ளுக்கை கால் வைச்சியளோ, காலை முறிப்பன்.”

“ரோட்டுக்கரை வழிக்காம விட்டு ஆரும் விழுந்தா நாங்களெல்லோ பதில் சொல்ல வேணும்?”

“ரோட்டுக்கரையை வழியுங்கோ. இந்த வாசலை விடுங்கோ. பின்கதவாலை சுத்திப் போங்கோ.”

போனார். ஆனால் சவள் உரசுகிற சத்தம் வீட்டின் பின்பக்கத்திலிருந்தே கன நேரம் கேட்டது. யோகம் குசினி யன்னலைத் திறந்தாள்.

“அங்கை ஆர் நடக்கப் போயினம்? முயலுக்கோ வழிக்கிறியள்?”

தம்பித்துரை பின்கதவுப் படி வரைக்கும் வழித்துக்கொண்டே போனார்.

யோகம் சுற்றிப் போய், தெருவில் நின்று ஒரு படம் எடுத்தாள். பார்த்தாள். கூரை, கேற், பேரி மரம் எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. ஆனால் ஆளில்லாத வீடு மாதிரிக் கிடந்தது. விட்டுப்போன வீடு. இதைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு வரவேண்டும் என்று எப்படித் தோன்றும்?

திரும்பச் சுற்றி உள்ளே போய், நிருஷா பள்ளிக்கூடம் போன காலத்துச் சிவப்புப் பூட்ஸை நிலவறையிலிருந்து எடுத்தாள். ஒரு அளவு சின்னது. விரல்களை மடக்கித் திணித்தாள். முன்கதவைத் திறந்து, முகம் வீட்டைப் பார்க்க, முதுகு தெருவைப் பார்க்க, பின்பக்கமாகவே கேற்றை நோக்கி நடந்தாள். அப்படி நடந்தால்தானே தடம் வாசலை நோக்கி வரும்?

எதிர்வீட்டு ஃபிராவ் லெம்கே யன்னலுக்கு வந்து, “எல்லாம் சரிதானே?” என்று ஜெர்மனில் கூப்பிட்டாள்.

“மகள் வந்திருக்கிறாள்!” என்று யோகமும் ஜெர்மனிலேயே கத்திவிட்டு, திரும்பிப் பார்த்த வேகத்தில் பொத்தென்று விழுந்தாள். இடுப்பு வரைக்கும் பனி. அந்தக் கணக்கு அங்கே எடுத்தது.

எழும்பி, மிச்சத்தையும் பின்பக்கமாகவே நடந்து, கேற்றுக்கு வெளியே நின்று படம் எடுத்து அனுப்பினாள். பின்கதவால் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றுமுன்னே போன் அடித்தது. அங்கே பொழுதுபட்டு, நிருஷாவின் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அம்மா, இது ஆர் வந்தது?”

“நீதான். விடியவே வந்தாய். புட்டும் சம்பலும் திண்டிட்டு மேலை நித்திரை.”

“நடுவிலை என்ன பெரிய பள்ளம்?”

“அதிலை விழுந்திட்டாய். எப்பவும் பராக்குப் பாத்துக்கொண்டுதானே நடக்கிறனி.”

நிருஷா சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் முகத்தைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“அம்மா... நான் நேற்று அந்த வேலை ஃபெர்ட்ராக்கிலை கையெழுத்து வைச்சிட்டன். மூண்டு வருசம்.”

யோகத்தின் நாக்கு நுனி வரைக்கும் அந்தக் கேள்வி வந்தது. அம்மாவின் குரலிலேயே வந்தது. விழுங்கினாள்.

“நல்லது பிள்ளை. நல்ல வேலையெல்லோ. படம் வடிவோ?”

“வடிவு அம்மா.” நிருஷா படத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்பது கண்களின் அசைவிலேயே தெரிந்தது. “அந்தக் காலடி நல்ல வடிவு.”

பின்னால் வந்து நின்ற தம்பித்துரையின் தொப்பியிலிருந்து பனி உருகி யோகத்தின் தோளில் சொட்டியது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தார்.

“பிழையாச் செய்துபோட்டீர், யோகம். இவள் எந்தக் காலத்திலை முன்கதவாலை வந்தவள்? காலிலை ஈரச் சப்பாத்தெண்டு நீர் ஏசுவீரெண்டு பின்கதவாலைதானே வாறவள். அதுதான் விடியவே அந்தப் பக்கத்தை வழிச்சு விட்டனான்.”