வராமல் இருக்க வேண்டுமாய்…

என் கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் என்னிடம் இல்லை. சுருளிப்பட்டியில் என் தாய்மாமாவின் தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு மேலே நாலாக மடித்துக் கிடக்கிறது. ரோஸ் காகிதம் வெளுத்து வெள்ளையாகிவிட்டது; நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எழுதியவள் நான். என் கல்யாணத்துக்கு நானே எழுதினேன். எழுதியதில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டேன். அதைச் சொல்லி மாமா சிரிக்காத விசேஷம் முப்பது வருஷமாக எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அது யுத்த காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, கடைசியில் காகிதத்துக்கும் வந்தது. தேனி அச்சாபீஸில் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார்கள். அப்பா எங்கெங்கோ அலைந்து ரோஸ் காகிதம் இரண்டு தஸ்தா, நாற்பத்தெட்டுத் தாள், கொண்டுவந்தார். தாளை இரண்டாகக் கிழித்தால் தொண்ணூற்றாறு பத்திரிகை தேறும். யார் எழுதுவது? பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவிலேயே எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். கையெழுத்தும் நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "கல்யாணப் பொண்ணே உக்காந்து கடுதாசி எழுதுது, அவ்வளவு அவசரம் போல" என்று தெருவில் கேலி செய்தார்கள். நான் காது கேளாதவள் மாதிரி மைக்கட்டியைக் கரைத்துக் கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறு காகிதத்தை வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் அழைக்க முடியாது. அதனால் அப்பா சொந்தபந்தங்களை மூன்றாகப் பிரித்தார். காகிதம் கொடுத்து அழைக்க வேண்டியவர்கள், பாக்கு வைத்து அழைத்தால் போதுமானவர்கள், போகிற போக்கில் வாயால் சொல்லிவிடக் கூடியவர்கள். யார் எந்த வகை என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாள் முழுக்க வழக்கு நடந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் யாரை அழைப்பது என்கிற ஜாபிதா முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓடைப்பட்டித் தெருவில் நடக்கிறவள் போலச் சொல்லுவாள். "அங்கன மொத வீடு எங்க சின்னத்தா. அடுத்த வீட்டுக்குப் பாக்குப் போதும், நம்ம மூத்தவன் கல்யாணத்துக்கு அவுக கைநனைக்காமப் போயிட்டாக." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். தொண்ணூற்றாறு கொட்டை சேர்ந்த பிறகும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அப்போது ஏற்கெனவே போட்ட யாராவது ஒருவர் காகிதத்திலிருந்து பாக்குக்கு இறங்குவார். எங்கள் பக்கம் அரசாங்க உத்தியோகத்தில்கூட அப்படி ஒரு பதவி இறக்கம் கிடையாது.

எழுதுவது எனக்குத் திருவிழாவாக இருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்று கொஞ்சம் பெரிதாக. தலைப்பைச் சிவப்பில் எழுத ஆசைப்பட்டுக் குங்குமத்தைக் கரைத்துப் பார்த்தேன்; நிப்பில் அடைத்துக்கொண்டது, அம்மாவிடம் வசவுதான் மிச்சம். 'லை', 'ணை' வந்தால் தும்பிக்கையை மேலே தூக்கி வளைப்பேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'டு'. அதன் வாலைச் சுழித்து, கீழ் வரி வரைக்கும் இழுத்து விடுவேன். பத்திரிகை முடிகிற இடத்தில், 'தாங்கள் சுற்றத்தாருடன் முன்னதாகவே வந்திருந்து, முகூர்த்தத்தை நடத்திக்கொடுத்துத் தம்பதிகளை ஆசீர்வதிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்' என்று வருகிறதல்லவா, அந்த 'வேண்டுமாய்' வந்தாலே என் கை தானாகத் துள்ளும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவர் பெயரைப் பெண் வாயால் சொல்லக்கூடாது. கையால் எழுதலாமா? அம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். "வாயில வரக்கூடாதது கையில மட்டும் வரலாமாக்கும்?" அதனால் மாப்பிள்ளை பெயர் வருகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு எழுதுவேன். அப்பா அந்தியில் வந்து, முருங்கைக்காயை நறுக்கிப் போட்டது போன்ற தன் எழுத்தில் அந்த இடங்களை நிரப்புவார். எல்லாப் பத்திரிகையிலும் என் எழுத்துக்கு நடுவே மாப்பிள்ளை மட்டும் கோணல்மாணலாக நின்றார். அப்பா அந்தக் காலி இடத்தைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. வினை அங்கேதான் இருந்தது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். வாட்டசாட்டமான ஆள். மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருவதால் மலையாளமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையில் சோறு போதும் என்றால் "மதி, மதி" என்பார், அதற்குள் இன்னொரு அகப்பை விழுந்திருக்கும். சிறு வயதில் அவர் தோளைவிட்டு நான் இறங்கியதில்லை. அந்த மாமா எங்கள் வாசல் மிதித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு பத்திரிகைதான். என் அண்ணன் கல்யாணத்துக்குத் தாய்மாமனை நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்காமல், அப்பா தபாலில் பத்திரிகை அனுப்பிவிட்டார். தங்கை புருஷன் என்பதால் மாமாவுக்கு அப்பா 'மாப்ள'. "தபால்காரரா எனக்கு மாப்ள?" என்று கேட்ட மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா அப்போது மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார் என்பது மாமாவுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. "காய்ச்சல்ல கிடந்தேன்னு நான் போயி அறிக்கை விடணுமா? அவுகளா வந்து கேக்கட்டும்" என்பார். அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நடுவில் அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன்தான் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். மாமா வராவிட்டால் அவருக்குப் பங்காளி முறையில் யாரையாவது நிறுத்திச் சமாளித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையைத் தவிர வேறு யார் கையையும் பிடித்துக்கொண்டு நடக்க எனக்கு மனம் இல்லை. அம்மா ஒரே பேச்சில் முடித்தாள். "எங்க அண்ணன் வராட்டி நானும் பந்தல்ல நிக்க மாட்டேன்." இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா பாதி இறங்கி வந்தார். நேரில் போகமாட்டார். ஆனால் மாமாவின் பத்திரிகையில் மட்டும் தனியாக ஒரு வரி சேர்க்கலாம். யாரிடமும் தலை குனியாத மனிதர் அவர். அந்த ஒரு வரிக்கே அவர் முகம் சிவந்துபோயிற்று.

முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னார். "எழுது. பழசை மனதில் வையாது, தாங்கள் வராமல் இருக்க வேண்டாமாய்க் கேட்டுக்கொள்கிறேன்." வேண்டாமாய்! அப்படி ஒரு சொல்லை எந்தக் கடுதாசியிலும் நான் கண்டதில்லை. அப்பா தன் மரியாதைக்கும் வீம்புக்கும் நடுவில் நின்று அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய சொல் அது. என் காது அதைக் கேட்டது. கைக்கோ எண்பது பத்திரிகையாக ஒரே சொல்தான் பழக்கம். அது பாட்டுக்கு 'வேண்டுமாய்' என்று எழுதி, 'டு'வின் வாலை அழகாகச் சுழித்து இழுத்துவிட்டது. அப்பா வழக்கம்போல மாப்பிள்ளை பெயரை மட்டும் நிரப்பினார். அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். தபாலில் போட்டாயிற்று.

பத்து நாளாகப் பதிலே இல்லை. அம்மா வாசலையே பார்த்தாள். அப்பா வாசலைப் பார்க்காதவர் மாதிரி பார்த்தார். பதினோராம் நாள் உச்சிவேளை, பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை நிறுத்தினார்கள். தெருவில் மாமா நின்றுகொண்டிருந்தார். கம்பத்திலிருந்து கரி பஸ்ஸில் வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை வைத்துத்தான் பஸ் ஓட்டினார்கள். முகம், மீசை, வேட்டி எல்லாம் ஒரே புகை. அம்மா "அண்ணே!" என்று ஓடினாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு ஆத்தா. உள்ள வாறதுக்கு எனக்கு உத்தரவு இல்ல. வராதன்னுல்ல எழுதி அனுப்பியிருக்காக."

மடியிலிருந்து ரோஸ் காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி, தெருக் கடைசி வரை கேட்கும்படி வாசித்தார். "தாங்கள்… வராமல்… இருக்க… வேண்டுமாய்க்… கேட்டுக்கொள்கிறேன்." பிறகு குழி தோண்டுகிறவர்களைப் பார்த்துச் சொன்னார். "வராதன்னு சொல்றவுக உண்டு. நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, கேட்டுக்கொள்கிறேன்னு மரியாதையா எழுதி, வராதன்னு சொன்ன மொத ஆளு நம்ம மாப்ளதான்."

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். எழுதிய கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. என் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன். கதவிடுக்கில் பார்த்தால், அப்பா மேல்துண்டுகூட இல்லாமல் வாசலுக்கு வந்து நிற்கிறார்.

"வேண்டுமாய் இல்ல மச்சான். வேண்டாமாய்."

"என்ன வேண்டாம்? நான் வேண்டாமா?"

"ஐயோ, நீங்க வேணும். வராம இருக்கிறதுதான் வேண்டாம்."

"வேணுமா, வேண்டாமா? ஒத்தைச் சொல்லுல சொல்லுங்க மாப்ளே. வெயில்ல நிக்கிறேன்."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்த சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"வாங்க மச்சான். வாங்க உள்ள."

குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரலிலேயே, "அன்னைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன்" என்றும் சொல்லிவிட்டார். மாமா செருப்பைக் கழற்றியபடி, "இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றார். "நீங்க கேக்கலையே" என்றார் அப்பா. அம்மா ஒரு பக்கம் அழுகிறாள், ஒரு பக்கம் அடுப்பை மூட்டுகிறாள்.

இலை போட்ட பிறகு விசாரணை என்மேல் திரும்பியது. "வேணும்னே எழுதுனியாடி?" என்றாள் அம்மா. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாமாதான் எனக்காக வழக்காடினார். "ஆமா, வேணும்னுதான் எழுதியிருக்கு. வேண்டாம்னு சரியா எழுதியிருந்தா, மறுபடியும் தபால்ல கூப்பிடுறாகன்னு பேசாம வீட்ல கிடந்திருப்பேன். வராதன்னு எழுதவும்தான், என்ன ஏதுன்னு நாக்கப் பிடுங்குறாப்புல நாலு கேள்வி கேக்கலாம்னு பஸ் ஏறுனேன்." அப்பா பேனாவை எடுத்து 'டு'வை 'டா'வாகத் திருத்த வந்தார். மாமா பத்திரிகையைப் பறித்து மடியில் செருகிக்கொண்டார். "கை வைக்காதீக. இது எம் மருமக எனக்கு எழுதுனது."

முகூர்த்தத்தன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மணவறைக்குப் போனேன். அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், நடக்கும்போது அவர் என் காதில், "வேணுமா வேண்டாமா, இப்பவே சொல்லிரு ஆத்தா" என்றார்.

இப்போது என் இளைய மகளுக்குக் கல்யாணம். தேனியிலேயே பொன் எழுத்தில் அச்சடித்து வந்துவிட்டது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை, யாரும் பாக்குக்கு இறங்க வேண்டியதில்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் பெயரை அவரேதான் எழுதிக் கொடுத்தார். நான் இன்றுவரை எழுதியதில்லை. சுருளிப்பட்டிக்குப் போக வேண்டிய பத்திரிகையை மட்டும் தனியே எடுத்து, அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். 'தாங்கள் வராமல் இருக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.' வால் முன்போலச் சுழியவில்லை. இந்தத் தடவை வேண்டுமென்றேதான் எழுதினேன். "பெரிய மனுசனை நேர்ல போயிக் கூப்பிடாம தபால்ல போடுறியா?" என்று அண்ணன் திட்டினான். முதலில் தபால் போகட்டும், வெள்ளிக்கிழமை தாம்பூலத்தோடு நாம் போவோம் என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை மாமா எங்களை விட்டுவைக்கவில்லை. வியாழன் காலையிலேயே வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்குக் கீழே நின்றார். மீசை முழுக்க வெள்ளை. சட்டைப் பையிலிருந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்தார். ஒன்று பொன் எழுத்து. மற்றொன்று நாலாக மடித்த அந்தப் பழைய ரோஸ் காகிதம்.

"ரெண்டையும் வச்சு ஒத்துப் பாத்தேன் மருமகளே. முப்பது வருசத்துல ஒரு எழுத்துக்கூடத் திருந்தல. இன்னைக்காவது சொல்லு, வேணுமா, வேண்டாமா?"

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவர் நின்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"வாங்க மாமா" என்றேன். "வாங்க உள்ள."

"உங்க அப்பனாட்டமே ரெண்டு தடவ சொல்ற" என்று சொல்லிக்கொண்டே மாமா செருப்பைக் கழற்றினார்.