வெந்நீர் ஊற்று

போன மாதம் அக்கா மகன் பிரவீனிடமிருந்து போன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இருபத்தெட்டு வயதிலேயே முதுகுவலி.

"சித்தி, ஒரு மாசம் பேச்சிப்பாறை பக்கம் ஹாட் ஸ்பிரிங்ல இருந்து வேலை பாக்கப் போறேன்!"

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெந்நீர் ஊற்றா? ஐம்பது வருடமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன்... என் கண்ணில் படவில்லையே!

அவனுக்கோ இது பெரிய விஷயம். மேனேஜரிடம் ஆறு மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி. ஒரு மீட்டிங் சொதப்பினாலும் மறுநாளே ஆபீஸ் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை.

அவன் வந்த அன்றே போய்ப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்து நடுவே ஒரு மாடி வீடு. வாசலில் போர்டு – 'மூலிகை வெந்நீர் ஊற்று. மாடியில் அறை உண்டு.'

அட கடவுளே! பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, பச்சிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிவிடும் தங்கம்மை அக்கா வீடு அது. யாரோ போர்டைப் படமெடுத்து இணையத்தில் போட, மொழிபெயர்ப்பு ஆப் வாளியில் மொண்டு ஊற்றுவதை, பூமியில் பொங்குகிற ஊற்றாக்கிவிட்டது. படித்த பிள்ளை, புக் பண்ணும் முன் ஊரில் ஒரு தடவை விசாரித்திருக்கக் கூடாதா?

"திரும்பிப் போனா மானம் போயிரும் சித்தி" என்றான். ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டாயிற்றே! தங்கினான். தங்கம்மை அக்கா அவனையும் விடவில்லை – தினமும் எண்ணெய், தினமும் வெந்நீர். ஒரே வாரத்தில் நிமிர்ந்து நடந்தான்.

அடுத்த திங்கள், மீட்டிங். கீழே, குளிக்க வந்தவளின் கைக்குழந்தை வீறிடுகிறது. பிரவீன் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கம்மை அக்கா செம்பும் கையுமாக கேமராவுக்குள் வந்துவிட்டார்.

"ஏலே மக்கா, வெந்நி ஆறிப்போவுது! சட்டையக் கழத்திட்டு எறங்கி வா, ஊத்தி விடுகேன்!"

மேனேஜருக்கும் தமிழ் தெரியும். "பிரவீன்... யாரு இது?"

வேறு வழியில்லாமல் எல்லா உண்மையையும் கக்கினான். 'ஒழிந்தேன்' என்று கண்ணை மூடிக்கொண்டானாம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே கேள்வி.

"முதுகுவலிக்குக் கேக்குதா?"

நிபந்தனை நிபந்தனைதான். மறுநாளே பிரவீன் பெங்களூர் திரும்பினான். இப்போது ஆபீஸில், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மாடி அறையும் காலியாக இல்லை. மேனேஜர் லேப்டாப்போடு வந்து இறங்கிவிட்டார்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்தான்... அதற்கு முதலில் மேனேஜராகிவிட வேண்டும்.