பக்கத்துக் கட்டிலுக்கும் கொஞ்சம் திருநீறு

ஐசியூவில் குப்பை கொட்டும் நர்ஸ்களுக்கெல்லாம் தெரியும்: நோயாளியைக்கூடச் சமாளித்துவிடலாம், அவரைப் பார்க்க வருகிற பாசத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

அதே கையோடு

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஐசியூவுக்கு கச்சிராயபாளையத்திலிருந்து ஏழுமலை வந்தார். கரும்பு வெட்டும்போது காலில் பட்ட காயம் சீழ்பிடித்து, ரத்தத்தில் ஏறிவிட்டது. வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை.

அவர் மனைவி அஞ்சலை அக்கா கோயில் திருநீற்றை அவர் நெற்றியில் பூசினார். நான் டிரிப்ஸ் மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள், அதே கையோடு பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் பூசிவிட்டார். கிருமி கை வழியாகத்தான் ஆள் மாறும் என்று கத்தியேவிட்டேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: “அவுர பாக்க ஒரு நாதியும் வரலியே சிஸ்டர், அதான்.”

முதல் கேள்வி

பெரியவருக்கு ஏற்கெனவே நுரையீரல் பலவீனம். இந்தக் கிருமியும் சேர்ந்தால் தாங்கமாட்டார். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அக்கா வாசலிலேயே குடியேறிவிட்டார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் குழாயைக் காட்டுவார். சொந்தப் புருஷன் உயிர் ஊசலாடுகிறது, என்னைப் பார்த்ததும் கேட்பதோ, “அந்தப் பெரியவருக்கு இன்னா ஆச்சி சிஸ்டர்?”

முதலாளிக்கும் சோப்பு

ஏழுமலை கூலிக்குப் போகும் தோட்டத்து முதலாளி, ஆப்பிள் பையோடு வந்து நேராகக் கதவைத் தள்ளினார். எங்கள் வாட்ச்மேனே ஒதுங்கிவிட்டார். முதலாளி எதிரில் உட்காரக்கூடத் தயங்கும் அக்கா, குறுக்கே போய் நின்றார். “வருசமெல்லாம் நீங்க சொல்றத நாங்க கேக்கறோமுங்க. இன்னிக்கி நான் சொல்றத கேளுங்க, கைய கழுவிக்கினு வாங்க.”

முதலாளி முறைத்தார், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அதோடு விட்டாரா அக்கா? “வெரல் சந்துலயும் தேய்ங்க!”

கிளம்பும் நாள்

பெரியவருக்கு அந்தக் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. சொன்னதும் அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய மனசு அது. ஏழுமலையின் கிருமியும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் பணிந்தது. காய்ச்சல் இறங்கி, எழுந்து நடந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா எனக்குப் பூசத் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். நானும் ஆசையாக நெற்றியைக் காட்டினேன். சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்: “இரு சிஸ்டர், கைய கழுவிக்கினு வந்துடறேன்.”

கை கழுவச் சொல்லும் எங்கள் வாசல் நோட்டீசை யாரும் படிப்பதில்லை, அதைக் கழற்றிவிட்டு அக்காவையே அங்கே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், ஊரில் கரும்பு வெட்டு இன்னும் பாக்கி இருக்கிறதாம்.