‘போறேன்’ பிழையல்ல

“நான் ஒரு விஷயம் சொல்லட்டுங்களா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பதுளைக் கல்விப் பணிமனையின் கூட்ட அறையில் அன்று மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்த சத்தத்தையும் மீறி அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் நான். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆசிரியையாகி இந்தக் குழுவுக்கும் வந்திருக்கிறாளே என்ற சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன். கண்டியச் சேலை உடுத்திய ஒரு சிங்களப் பெண் எழுந்து நின்றிருந்தார்.

ஹாலிஎலவில் ஒரு சிங்களப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிப்பவர் அவர். நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். அவருடைய அப்பா தோட்டத்தை ஒட்டிய கடைவீதியில் தேநீர்க் கடை வைத்திருந்தாராம். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி, சண்டைபோட்டுப் பிடித்துக்கொண்ட தமிழ் அவருடையது. படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் பேச்சில் அந்தத் தமிழே நின்றது. சிங்களப் பிள்ளைகள் தமிழில் என்னென்ன தேர்ச்சி பெறவேண்டும் என்பதற்கான நியமங்களைத் திருத்தும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து எங்கள் மாகாணத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். அதற்காகக் கூடிய குழுவில் ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் நானும் இருந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கான வரைவில் “பிழையற்ற செந்தமிழில் உரையாடுவார்” என்ற பழைய வரி அப்படியே இருந்தது. டீச்சர் எழுந்தது அதற்காகத்தான். அவருடைய பிள்ளைகள் தேர்வில் “போறேன்” என்றும் “இருக்கு” என்றும் சொன்னதற்காகப் புள்ளிகளை இழந்திருந்தார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவி அதன்பிறகு தமிழையே விட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டாளாம். “சேர், எங்க புள்ளைங்க யாரோட பேசப் போறாங்க? பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களோடதானே? அவங்க பேசுறத அப்படியே பேசினா எப்படிங்க பிழையாகும்?”

குழுவின் தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கண்டிப்பானவர், ஆனால் யாருடைய பேச்சையும் இடையில் வெட்டமாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். “நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது, டீச்சர். ஆனால் பதுளைக்கு ஒண்டு, மட்டக்களப்புக்கு ஒண்டு, மன்னாருக்கு ஒண்டு எண்டு வைச்சால் பிள்ளை எதைப் படிக்கிறது? ஒரு பொதுத் தமிழ் வேணுமெல்லோ?” அதிலும் நியாயம் இருந்தது. எழுதுவது ஒன்றாக இருக்கட்டும், பேசுவது அந்தந்த ஊர்ப் பேச்சாக இருக்கட்டும் என்றார் டீச்சர். நானும் அதையே சொன்னேன். கடைசியில் டீச்சர், “ஒரு தடவை எங்க ஸ்கூலுக்கு வந்து பாருங்க சேர். பார்த்துட்டு நீங்க என்ன எழுதினாலும் சரிங்க” என்றார். தலைவர் சம்மதித்தார்.

ஹாலிஎலப் பாடசாலையில் ஒரு வகுப்பறையின் நடுவே மேசை போட்டு, அதை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதியும் இடமாக வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மாணவி உட்காரவேண்டும். நோயாளியாக வருவதற்கு தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஒரு தாயை டீச்சர் கூட்டிவந்திருந்தார். மடிப்புக் கலையாத சேலை, தலையில் கனகாம்பரம். அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்த மாணவி வரைவு கேட்ட தமிழைப் பிசகில்லாமல் மனப்பாடம் செய்திருந்தாள். “தாங்கள் எதன் பொருட்டு வருகை தந்துள்ளீர்கள்?” என்றாள். அந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்தார் போலும். “டீச்சர், பாப்பா என்ன கேக்குது?” என்றார் மெல்லிய குரலில்.

அடுத்தவள் வந்து உட்கார்ந்ததும், “வாங்க அக்கா, உக்காருங்க. என்ன செய்யுது?” என்று கேட்டாள். அந்த அம்மாவின் முகம் மாறியதை இப்போதும் என்னால் சொல்லமுடியும். தோள் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “சின்னவனுக்குக் காச்சலுங்க. மருந்து குடுத்தேன், நிக்கல. ராவெல்லாம் அனத்துறான்” என்று தொடங்கி, நடிப்பதற்காக வந்ததையே மறந்து, வீட்டில் உண்மையாகவே நோயாகக் கிடந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மாணவி தடுமாறினாள். சில சொற்களைத் தவறாகச் சொன்னாள். ஆனால் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டாள். “பயப்படாதீங்க, நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்று முடித்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, அந்த அம்மாவிடம் தாமே விசாரித்தார். “எங்கையிருந்து வாறியள், அம்மா? பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீங்கள்?”

“மேல் டிவிசன்லருந்துங்க. மாமியார் பாத்துக்கிறாங்க.”

சுவரோரமாக நின்றிருந்த டீச்சர் மெதுவாகக் கேட்டார். “சேர், புத்தகத்துல ‘வருகிறீர்கள்’னுதான் இருக்கு. நீங்க ‘வாறியள்’னு கேட்டீங்க. எத்தனை புள்ளி வெட்டட்டுங்க?”

அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தலைவர் டீச்சரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். “வெட்டிப் போடாதையுங்கோ டீச்சர். நான் பெயிலாகிப் போவன்!”

அன்று பிற்பகல் அதே வகுப்பறையில் உட்கார்ந்து பழைய வரியை அடித்துவிட்டுத் தம் கையாலேயே புதிய வரியை எழுதினார். “தன் பிரதேசத்தில் வழங்கும் பேச்சுத் தமிழில், கேட்பவர் விளங்கிக்கொள்ளும்படி உரையாடுவார்.” எழுத்துத் தமிழுக்கான நியமத்தை அப்படியே விட்டுவைத்தார்.

ஆனால் முடிவு எங்கள் கையில் இல்லை. கொழும்பில் எல்லா மாகாணங்களும் கூடிய கூட்டத்துக்குத் தலைவரும் நானும் போனோம். எங்கள் வரியை வாசித்ததும், “தோட்டத்துக் கொச்சையைப் பாடத்திட்டத்தில் ஏற்றச் சொல்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். பதில் சொல்ல எழப்போனேன். எனக்கு முன்னால் தலைவர் எழுந்துவிட்டார்.

“கொச்சை எண்டு ஆர் தீர்ப்புச் சொன்னது? நான் யாழ்ப்பாணத்தான். என்ர பிள்ளைகள் பதுளையில பிறந்து வளர்ந்ததுகள். பள்ளிக்கூடத்தால வந்து ‘பசிக்குதும்மா, சோறு போடுங்க’ எண்டுதான் தாயைக் கேக்குங்கள். அதுகளுக்குத் தமிழ் தெரியாதெண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. அந்தத் தமிழைப் பிழையெண்டு எழுதின தாளிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

முதலில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஆசிரியை எங்கள் வரியை ஆதரித்துக் கையை உயர்த்தினார். பிறகு மன்னார்க்காரர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு தமிழ் இருந்தது. வாக்கெடுப்பு வந்தபோது, கேள்வி கேட்டவரின் கையும் உயர்ந்தது.

இன்று நான் வாய்மொழித் தேர்வுகளுக்கு மேற்பார்வைக்குப் போகும்போது, தோட்டங்களிலிருந்து தாய்மார் உரையாட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகள் அவர்களிடம் வளவளவென்று பேசுகிறார்கள். வகுப்பறைக்கு வெளியிலும் அந்தப் பேச்சு நிற்பதில்லை. தமிழ் எடுக்கும் பிள்ளைகள் கூடிவிட்டதால், டீச்சரின் பாடசாலைக்கு இன்னொரு தமிழாசிரியரும் வந்திருக்கிறார். அந்தச் சத்தத்தின் நடுவே நிற்கும்போதெல்லாம், கொழும்பிலிருந்து நாங்கள் ரயிலில் திரும்பிய மாலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

டீச்சருக்குத் தொலைபேசியில் சொல்லக்கூடாது, நேரிலேயே சொல்லவேண்டும் என்று தலைவர் என்னைத் தடுத்துவிட்டார். தெமோதரை நிலையம் தாண்டியதுமே எழுந்துபோய்க் கதவருகில் நின்றுகொண்டார். வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிஎலவில் வண்டி நின்றபோது டீச்சர் மேடையில் காத்திருந்தார், கூடவே சில மாணவிகள். தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, மேடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “ஜெயிச்சுட்டோங்க டீச்சர்! எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க!”

டீச்சர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குதித்தார்கள். வண்டி பதுளையை நோக்கி நகரத் தொடங்கியும் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைவர் தம் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, சற்று வெட்கத்தோடு என்னைப் பார்த்தார்.

“சரியாச் சொன்னனானோ, பிள்ளை?”

“ரொம்பச் சரியா சொன்னீங்க, சேர்” என்றேன்.