கூட்டமில்லாத நாளில் வந்த டீச்சர்

ஜமீலா டீச்சர் விஷயத்தில் நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வேன் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. "யாரோ பெரிய ஆளுக்கு நேரம் சரியில்ல" என்றேன். "டேங்குல டீசல் இல்ல, அதுக்குத்தான் நேரம் சரியில்ல" என்றாள் வீட்டுக்காரி. டீசல் ஊற்றிக்கொண்டு நிற்கும்போதே, உங்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. விருதுநகர் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார்.

குழுப் பெண்களாகிய உங்களுக்கு அவர் கடன் கொடுக்கிற டீச்சர். கல்லூரியில் அவர் பௌதிகம். வாராவாரம் உங்கள் ஊர்களுக்கு அவரை ஏற்றிவந்த வேன் மாமா நான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனாலும் குவாண்டம் எனக்கு முக்கால்வாசி தெரியும். வெம்பக்கோட்டை அணைக்கட்டு ரோட்டில் அவரே சொல்லிக்கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத துகள் இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம். எல்லா 'இருக்கலாம்'களையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். நேரம் போகப் போக அது எப்படி மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டவேண்டுமாம். துண்டு பெரிதாகிவிட்டால், துகள் போகாத இடத்துக்குப் போனதாகக் காட்டிவிடும்.

"அப்பவும் கூட்டினா ஒண்ணுதான் வரும் அண்ணாச்சி. தப்பு நடந்ததே தெரியாது. அதான் பயம்" என்றார். இதை நான் மாட்டு வியாபாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். சிரித்தார்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் அதிகாரிகள் சோதனைக்கு வந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டினார்கள். யாருக்கும் வேலையில்லை. கடனில் வாங்கிய ஆடுகள் இன்னும் குட்டி போடவில்லை. ஆனாலும் தவணை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. குழு வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஒருத்தி பங்கு வராவிட்டால் கூட்டம் கலையாது, எல்லாரும் எழுந்துபோய் அவள் வாசலில் உட்காருவார்கள். அறக்கட்டளைச் செயலாளர் மைக்கில் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினோம். டீச்சர் மட்டும் தட்டவில்லை.

திரும்பும் வழியில், "வாராவாரம் வந்து தொகை சரியா இருக்கான்னு மட்டும் பாக்கோம் அண்ணாச்சி. நடுவுல உள்ள நாளுகள யாரு பாத்தா?" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே வண்டியை எடுக்கச் சொன்னார். அது கூட்ட நாள் இல்லை. நான் ஒரு கல்யாணத்துக்காக, மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய பளபளக்கும் நைலான் சட்டையில் இருந்தேன். அப்படியே கிளம்பினேன்.

உங்களில் ஒருத்தியான முத்துச்செல்வி வீட்டுக் கதவு பட்டப்பகலில் சாத்தியிருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லத் தள்ளினார். உள்ளே தட்டுத் தட்டாக வெடிக்கான காகிதக் குழாய்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் வட்டகையில் வெடிமருந்து. அதற்கு ஒரு எட்டு தள்ளிச் சேலைத்தொட்டிலில் பிள்ளை தூங்கியது. எங்களைப் பார்த்ததும் செல்வி வட்டகையைக் கட்டிலுக்கடியில் இழுத்து மறைக்கப்போனாள்.

"செல்வி, இழுக்காத."

வகுப்பில் பேசுகிற அதே குரல். செல்வியின் கை வட்டகை மேலேயே நின்றது.

"தவணைக்குத்தான் டீச்சர். நான் ஒருத்தி கட்டலேன்னா எல்லாரும் வந்து என் வாசல்ல உக்காருவாகளே."

"உக்காரட்டும். நீ கைய மட்டும் எடு தாயி. ஒண்ணையும் உரசாத. வட்டகை அங்கனயே கிடக்கட்டும்."

கையை எடுத்தாள். எழுந்தால் எதிலாவது உரசிவிடுமோ என்று அங்கேயே குந்தியிருந்தாள். தொட்டிலில் பிள்ளை புரண்டது. தொங்கிய சேலை முனை குழாய்த் தட்டைத் தொட்டுத் தொட்டு ஆடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், பிள்ளையை அப்படியே அள்ளி, பின்னோக்கியே நடந்து வெளியே வந்தேன். டீச்சர் செல்வியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். வேப்பமரத்தடி வந்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கம்பெனி போர்மேன் வந்து மருந்தை அப்புறப்படுத்தினார்.

ஒருத்தியை விட்டால் ஊரே தவணையை நிறுத்திவிடும் என்று செயலாளர் கத்தினார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நாம தட்டுன கைதான் சார் அந்த மருந்த அவ வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சது" என்றார். வேலையில்லாத மாதங்களில் தவணையும் இல்லை என்ற ஏற்பாடு வந்தது அப்படித்தான். வாசலில் போய் உட்காரும் வழக்கமும் அதோடு போனது.

அதற்குப் பிறகு அவர் உங்களிடம் தவணையைக் கேட்பதற்கு முன்னால், "இடையில என்ன வேலை பாத்தீக?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேனில் ஏறும்போது கேட்டால், "ஒமக்கு எதுக்குவே?" என்று வைகிறீர்கள். வையுங்கள். கேட்பேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் நீங்கள். நைலான் சட்டை என்று படித்தபோதே பிடித்திருப்பீர்கள். உரசினால் பொறி கிளம்பும் அந்தத் துணியோடு டீச்சர் என்னை வாசப்படி ஏறவிடவில்லை. வேப்பமரத்தைத் தாண்டி நிற்கச் சொன்னார். திறந்த கதவு வழியாகப் பார்த்ததும் கேட்டதும் நிஜம். பிள்ளையை அள்ளிவந்தது நான் இல்லை, அவர். என் சட்டையைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, செல்விக்காக மறுபடியும் உள்ளே போனார்.